குழந்தைக் கதைகளில் ஏன் இவ்வளவு ரத்தம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறோம். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கமிருந்தும் வருகிறார்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருப்பார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கதையைத் திருப்பிச் சொன்னதும், அடுத்த வாரம் அம்மாக்களும் ஆயாக்களும் கேள்வியோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

ஸ்னோ ஒயிட் கதையில் ராணி ஈரலைச் சமைத்துத் தின்றாள் என்று என் பையன் சொல்கிறான். புத்தகத்தில் இருக்கிறதா, நீங்கள் சேர்த்ததா?

புத்தகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது. ஏழு வயதுப் பெண்ணைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொன்று, நுரையீரலையும் ஈரலையும் கொண்டு வரும்படி வேடனுக்கு ராணி கட்டளையிடுகிறாள். அவன் மனம் இளகிக் காட்டுப்பன்றியின் உறுப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். ராணி அதைப் பெண்ணுடையது என்று நம்பி, உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறாள். கடைசியில் அவள் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிடுகிறார்கள். 1937இல் வந்த டிஸ்னி படத்தில் இந்தச் செருப்பு கிடையாது. படத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் திடுக்கிடுவது அதனால்தான்.

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள்?

முதலில் குழந்தைகளுக்காக எழுதவே இல்லை. கிரிம் சகோதரர்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். ஜனங்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகள் அழிந்துவிடும் என்று சேகரித்தார்கள். முதல் பதிப்பில் படம் இல்லை, ஆராய்ச்சிக் குறிப்புகள் இருந்தன. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, வேலைக்கு நடுவே சொல்லிக்கொண்ட கதைகள் அவை. பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து கேட்டார்கள்.

புத்தகத்தை வீடுகளில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் திருத்தங்கள் தொடங்கின. முதல் பதிப்பில் ஒரு கதை இருந்தது. சின்னப் பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருவன் கசாப்புக்காரன், ஒருவன் பன்றி. விளையாட்டில் நிஜமாகவே கழுத்தை அறுத்துவிடுகிறார்கள். அடுத்த பதிப்பில், 1819இல், அதை நீக்கிவிட்டார்கள். 1825இல் ஐம்பது கதைகளைப் பொறுக்கிப் படங்களோடு குழந்தைகளுக்கென்று தனியாகச் சின்னப் பதிப்பு போட்டார்கள். பெரிய தொகுப்பையும் திருத்திக்கொண்டே இருந்தார்கள், 1857இல் வந்தது ஏழாம் பதிப்பு.

அப்படியென்றால் கொடூரத்தை எல்லாம் எடுத்துவிட்டார்களா?

இல்லை. பெண்கள் கர்ப்பமாவது மாதிரியான விஷயங்களைத்தான் முதலில் மறைத்தார்கள். கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸல், "என் சட்டை ஏன் இறுகிக்கொண்டே போகிறது?" என்று தன்னை அடைத்துவைத்தவளிடம் கேட்கும் வரி முதல் பதிப்பில் இருந்தது, பிறகு காணாமல் போனது. தண்டனைகள் அப்படியே இருந்தன, சில இடங்களில் கூடின. சிண்டரெல்லாவின் அக்காமார்கள் செருப்பு பொருந்துவதற்காக ஒருத்தி கட்டைவிரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வது முதலிலேயே உண்டு. புறாக்கள் வந்து அவர்கள் கண்களைக் கொத்துவது பின்னால், 1819இல் சேர்ந்தது. கெட்டவர்களுக்குக் கடும் தண்டனை கிடைத்தால் பிள்ளைகள் ஒழுங்காக வளர்வார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "ராணி நிஜமாவே செத்துட்டாளா? திரும்பி வரமாட்டாளே?" என்று உறுதிசெய்துகொள்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன், குழந்தைகள் தப்பு செய்யாதவர்கள் என்பதால் நீதியை விரும்புகிறார்கள், நாம் தப்பு செய்தவர்கள் என்பதால் மன்னிப்பை விரும்புகிறோம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

என் பேத்தி அவள் சித்தியிடம் வளர்கிறாள். இந்தக் கதைகளில் சித்தி எல்லாருமே ராட்சசிகளாக இருக்கிறார்களே?

இந்தக் கேள்வி நியாயமானது. நாங்கள் ரொம்ப யோசித்ததும் இதைப் பற்றித்தான். கிரிம் கதைகளின் முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயே. ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டு வரச்சொன்னவளும் பெற்ற தாய்தான். தாய் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தில் ஸ்னோ ஒயிட்டின் அம்மாவை 1819இலும், ஹான்சலின் அம்மாவை 1840இலும் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாயின் பெயரைக் காப்பாற்றப்போய், யாரோ பெற்ற பிள்ளையை அன்போடு வளர்க்கும் எத்தனையோ பெண்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள்.

அதனால் நாங்கள் படிக்கும்போது "ராணி", "அந்த வீட்டுக்காரி" என்று மட்டும் சொல்கிறோம். கதைக்கு ஒரு குறையும் வருவதில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் இந்த மாற்றம் நடந்த விவரத்தையே சொல்லிவிடுகிறோம். உங்கள் பேத்தி இருக்கும் நாளில் நிச்சயம் அப்படித்தான் படிப்போம்.

பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டில் விடுவதா? ஹான்சல் கதையையாவது விட்டுவிடக் கூடாதா?

விடமாட்டோம். அது பஞ்சத்தின் கதை. நாட்டில் பெரிய பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது என்றுதான் ஆரம்பமே. பசி வந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதை அந்தக் கதை மறைக்காமல் சொல்கிறது. சூனியக்காரி வீடு ரொட்டியாலும் கேக்காலும் கட்டியிருப்பதற்கும், அவள் பிள்ளைகளைத் தின்னப் பார்ப்பதற்கும், எல்லாவற்றுக்கும் அடியில் பசி இருக்கிறது.

இந்தக் கதை நமக்குத் தூரமானதும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் ஆயாக்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782இல் பஞ்சம் வந்தபோது இங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. அப்புறம் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே சூறையாடியது. பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். ஹான்சல் கதை படித்த அன்று கஞ்சித்தொட்டி என்ற பெயர் எப்படி வந்தது என்றும் சொல்வோம். பிள்ளைகள் போய் அவரவர் ஆயாவிடம் கேட்பார்கள். அந்தப் பேச்சு வீட்டில் நடக்கட்டும் என்றுதான் படிக்கிறோம்.

தீக்குச்சி விற்கும் சிறுமி கடைசியில் குளிரில் செத்துப்போகிறாள். ரத்தமே இல்லை, ஆனாலும் என் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எனக்கும் ஆண்டர்சன் கதைகள்தான் கிரிம் கதைகளைவிடக் கனமானவை. கிரிம் கதைகளில் கெட்டவர் சாவார், நல்லவர் வீடு திரும்புவார். டென்மார்க்கின் ஆண்டர்சன் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. 1845இல் வந்த இந்தக் கதையில், வருஷத்தின் கடைசி ராத்திரியில் ஒரு சிறுமி தெருவில் தீக்குச்சி விற்கிறாள். ஒன்றும் விற்கவில்லை. வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார். ஒவ்வொரு குச்சியாகக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் சாப்பாட்டையும் செத்துப்போன பாட்டியையும் பார்க்கிறாள். விடிந்ததும் ஜனங்கள் அவள் உடலைப் பார்க்கிறார்கள்.

அவருடைய கடல்கன்னி (1837) மனித இளவரசனுக்காக நாக்கை அறுத்துக் கொடுக்கிறாள். எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் பிழைக்கலாம் என்று அக்காமார்கள் கத்தி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் கத்தியை எறிந்துவிட்டு நுரையாகிறாள், பிறகு காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 1989இல் வந்த படத்தில் கல்யாணம் நடக்கிறது. கத்தியை எறியும் அந்த ஒரு இடத்தில்தான் கதையே இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கல்யாணம் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் மகள் அழுதது பற்றி: அவள் பயத்தில் அழவில்லை, இன்னொரு பெண்பிள்ளைக்காக அழுதிருக்கிறாள். சிக்னலில் பேனா விற்கிற பிள்ளைகளை நாள்தோறும் தாண்டித்தான் இங்கே வருகிறாள். அந்தக் கதை முடிந்ததும் நாங்கள் உடனே வேறு சந்தோஷக் கதைக்கு ஓடுவதில்லை. பேசுகிறோம். "யார் அவளுக்குக் கதவு திறந்திருக்கலாம்?" என்று கேட்டால், பிள்ளைகள் தெருவில் இருந்த ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.

பினோக்கியோ நல்ல கதைதானே?

ரொம்ப நல்ல கதை. ஆனால் இத்தாலியப் பத்திரிகையில் 1881இல் தொடராக வந்தபோது, பதினைந்தாம் அத்தியாயத்தில் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் கொல்லோடி. வாசகர்கள் விடவில்லை. தொடர்ந்து எழுதினார், 1883இல் புத்தகமானது. புத்தி சொன்ன சில்வண்டைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுவதும் மூலத்தில் உண்டு.

பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர இந்த மாதிரிக் கதைகள் உதவுமா?

அதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹாஃப்மன் என்ற மருத்துவர் மூன்று வயது மகனுக்குப் பரிசளிக்க நல்ல படப்புத்தகம் கிடைக்காமல் தானே எழுதி வரைந்தார். 1845இல் அச்சானது. விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைப் பெரிய கத்தரிக்கோலால் ஒருவன் நறுக்குகிறான். தீக்குச்சியோடு விளையாடிய பெண் சாம்பலாகிறாள். சூப் குடிக்க மறுத்த பையன் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். அதைப் படித்துச் சிரித்த பிள்ளைகளும் உண்டு, நடுங்கிய பிள்ளைகளும் உண்டு. அதை நாங்கள் படிப்பதில்லை. சின்னத் தப்புக்கு உடம்பையே வெட்டும் கதையில் நீதி இல்லை, மிரட்டல்தான் இருக்கிறது.

சாப்பிடாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே வகை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். சின்ன வயதில் சோற்றோடு ஊட்டிய பயம் பெரியவர்களான பிறகும் உள்ளே கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் வரும் புது ஆளைக் காட்டிப் பிள்ளையை மிரட்டாதீர்கள்.

வெள்ளைக்காரன் கதை எதற்கு? நம் கதைகளில் இந்தக் கோரம் இல்லையே?

இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. பஞ்சதந்திரத்தில் கொக்கு குளத்து மீன்களை ஒவ்வொன்றாக ஏமாற்றித் தின்கிறது, கடைசியில் நண்டு அதன் கழுத்தை நறுக்குகிறது. குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரிப்பிள்ளையை, வாயில் ரத்தத்தைப் பார்த்துத் தாயே கொல்கிறாள். அந்தக் கீரிக் கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே வந்துவிடுகிறது. நரசிம்மர் இரணியனின் வயிற்றைக் கிழிப்பதைக் கோயில் தூணில் பார்த்தே வளர்கிறோம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமன் முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடப்பான். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்று வேதாளம் சொல்லும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து, மாதாமாதம் அதையே முதலில் புரட்டினவர்கள் நாம்.

நல்லதங்காளை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிவந்தவளை அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டு விரட்டுகிறாள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் தப்பி ஓடப் பார்க்கிறான், அவனையும் விடுவதில்லை. இதைப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியவர்கள் எங்கிருந்தார்கள் என்றால், இதோ நடந்துபோகிற தூரத்தில், கொண்டித்தோப்பில். ரத்தின நாயகர் அண்டு சன்ஸ் அச்சிட்ட அந்தப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றுக்கொண்ட கிழவிகள் இருந்தார்கள். நான் நல்லதங்காள் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, தற்கொலை பற்றியும் பேசத் தயாராக இருந்தால் சொல்லலாம்.

சிறுத்தொண்டர் கதையும் அப்படித்தான். அடியாராக வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்க, பெற்றவர்களே சீராளனை அறுத்துச் சமைக்கிறார்கள். கடைசியில் கூப்பிட்டதும் பிள்ளை உயிரோடு ஓடி வருகிறான், ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு மனதில் நிற்பது அதற்கு முந்தைய பகுதிதான். கண்ணப்பர் கண்ணைத் தோண்டி அப்புவதை அதே குழந்தை கலங்காமல் கேட்கும். அரக்கனும் பேயும் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் பிள்ளைகள் தாங்குகிறார்கள். சோறு ஊட்டுகிற கையே கத்தி எடுப்பதைத்தான் தாங்க முடிவதில்லை. என் அனுபவத்தில் கோடு போட வேண்டிய இடம் அதுதான்.

வள்ளலார் ஏழுகிணற்றில் இருந்தவர், வாடிய பயிரைக் கண்டு வாடியவர். கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகன்மேல் தேரை ஓட்டிய மனுநீதிச் சோழன் கதையை 1854இல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்று உரைநடையில் எழுதியவரும் அவரே. மகன் செய்த கொலைக்கு நான் என்ன பாவம் செய்தேனோ என்று அரசன் வரிசையாகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் பகுதிதான் அதில் உயிர். அவ்வளவு இளகிய மனது ரத்தமுள்ள கதையைத் தள்ளிவைக்கவில்லை, தேரைவிட அரசனின் வேதனையை அதிகம் எழுதியது. நாங்கள் சொல்லும்போதும் அதையே பின்பற்றுகிறோம்.

ரிங்கா ரிங்கா ரோசஸ் பாட்டு பிளேக் நோயில் செத்தவர்களைப் பற்றியது என்கிறார்களே?

நம்ப வேண்டாம். பாட்டு 1881இல் கேட் கிரீனவே வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. பிளேக் விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. எல்.கே.ஜி. பிள்ளை பாடட்டும்.

அப்படியானால் எதைத்தான் விட்டுவிடுகிறீர்கள்?

ரத்தத்தைவிட வெறுப்பைத்தான் அதிகம் தேடி எடுக்கிறோம். கிரிம் தொகுப்பில் ஒரு யூதனை முட்புதரில் ஆடவைத்து ரத்தம் சொட்டச்செய்து, கடைசியில் தூக்கில் போடும் கதை இருக்கிறது. சிரிப்பதற்காக எழுதியது. பிறகு அந்த மண்ணில் யூதர்களுக்கு என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரியும். அந்தக் கதையை எந்த வயதுப் பிள்ளைக்கும் கதையாக நாங்கள் படிக்கமாட்டோம்.

கறுப்பாக இருப்பவள் கெட்டவள், கூன் விழுந்தவள் சூனியக்காரி, கால் ஊனமானவன் திருடன் என்று வரும் இடங்களையும் மாற்றுகிறோம். இங்கே வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் பட்டவர்கள். ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் கல் நிரப்புவது அவர்களுக்கு ஒரு காயமும் ஏற்படுத்தவில்லை, "கரிச்சட்டி மாதிரி முகம்" என்ற ஒரு வரி ஏற்படுத்தும்.

2023இல் ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் ரோல்ட் டாலின் புத்தகங்களில் பதிப்பகம் வார்த்தைகளை மாற்றியபோது பெரிய சண்டை நடந்தது, பிறகு பழைய பதிப்பும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அச்சில் இருப்பதை மாற்றுவதும் வாயால் சொல்லும்போது மாற்றுவதும் வேறு. கதைசொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து மாற்றுகிறார், எப்போதும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

எந்த வயதில் எது? வீட்டில் எப்படிப் படிப்பது?

வயதைவிடப் பிள்ளையைப் பாருங்கள். முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை முழுதும் படித்துவிடுங்கள், இது முக்கியம். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்ரோ 1697இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிக் கதையில் ஓநாய் பெண்ணைத் தின்றதோடு கதை முடிந்துவிடும், வேடன் வரமாட்டான். எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று தெரியாமல் தூங்கும் நேரத்தில் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆறு ஏழு வயதுக்குக் கெட்டவர் தோற்று, பிள்ளை வீடு திரும்பும் கதைகள் போதும். ஆண்டர்சன் ஒன்பது பத்து வயதுக்கு.

கோரமான இடத்தில் குரலை ஏற்றி நடிக்க வேண்டாம், மற்ற வரிகளைப் போலவே சொல்லிப் போங்கள். வார்த்தையில் கேட்டால் பிள்ளை தன்னால் தாங்குகிற அளவுக்குத்தான் மனதில் படம் வரைந்துகொள்ளும். போனில் வீடியோவாகக் காட்டினால் அந்த அளவு அதன் கையில் இல்லை. அதனால் இதே கதைகளின் பேய்ப்பட வடிவங்களைக் காட்டாதீர்கள். நடுவில் "போதும்" என்றால் நிறுத்திவிடுங்கள், ஆனால் முடிவு என்ன ஆனது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பாதியில் நின்ற கதைதான் ராத்திரியில் தொல்லை செய்யும்.

வீட்டில் சாவு நடந்திருக்கிறது. பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள், வருவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். மூலகொத்தளம் சுடுகாட்டுக்குப் பறையோடும் பூவோடும் ஊர்வலம் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள், சாவு என்ற சொல்லுக்கே பதறுவதில்லை. தன் வீட்டுச் சாவு அப்படி இல்லை. கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிள்ளை இருக்கும் நாளில் கடல்கன்னியைப் படிக்கமாட்டோம். அந்தப் பிள்ளையே கேட்டால் படிப்போம். கேட்பார்கள், சில மாதம் கழித்து வந்து கேட்டவர்கள் உண்டு. தூக்கமின்மையோ, சாப்பிடாமல் இருப்பதோ வாரக்கணக்கில் தொடர்ந்தால் கதையால் வந்தது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பெயர் போடாமல், "மூலக்கதையைத் தழுவியது" என்று மட்டும் போட்டிருக்கும் மலிவுப் பதிப்புகளில் கதை எங்கே வெட்டப்பட்டது என்றே தெரியாது. மொழிபெயர்த்தவர் பெயரும் எந்தப் பதிப்பிலிருந்து என்ற குறிப்பும் இருப்பதை வாங்குங்கள். பழைய அம்புலிமாமா வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் மூர் மார்க்கெட் கடைகளில் பொறுமையாகத் தேடிப்பாருங்கள். வாங்க முடியாதவர்கள் எங்களிடம் எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம், பணம் எதுவும் கட்ட வேண்டாம். பக்கம் கிழிந்தாலும் கொண்டுவாருங்கள், ஒட்டிக்கொள்கிறோம்.